இத்தாலிய மொழியின் வளையாச் சொற்கள்

பிழைப்பை நாடிப் பிற மாநிலத்துக்குச் செல்லும் தமிழர் அவ்விடத்து மொழியில் முதன்முதலாகக் கற்பவை எவை என்று எண்ணிப் பார்த்தால் சிறிது வியப்புத் தோன்றும். அவை பெயர்ச்சொற்கள் அல்ல. வேண்டிய பொருளைக் கையால் சுட்டிக் காட்டிவிடலாம். வினைச்சொற்களும் அல்ல, அவற்றின் திரிபுகள் எளிதில் வாய்க்கு வாரா. தில்லிக்கு வந்து இறங்கியவர் முதல் வாரத்திலேயே பற்றிக்கொள்பவை 'அபீ', 'ஜல்தீ', 'தீரே தீரே', 'இதர்', 'உதர்', 'பஹுத்' என்பன போன்ற சிறு சொற்களே. இப்பொழுது, விரைவாக, மெல்ல மெல்ல, இங்கே, அங்கே, மிகவும் என்னும் இவற்றைக் கொண்டே அவர் காய்கறிக் கடையிலும் பேருந்திலும் சில மாதங்கள் காலம் தள்ளிவிடுகிறார். ஒரு செயல் எங்கே, எப்பொழுது, எவ்வாறு, எவ்வளவு நிகழ்கிறது என்பதைச் சொல்லும் இச்சொற்களை வினையடை என்பர்.

இவ்வனுபவம் உள்ளவர்க்கு, தொலைவிலுள்ள இத்தாலிய மொழியின் வினையடைகளும் அந்நியமாகத் தோன்றா. அம்மொழியைக் கற்கும் தேவை இன்று நம் நாட்டவர் பலர்க்கு ஏற்பட்டிருக்கிறது. பஞ்சாபிலிருந்து சென்றவர்கள் வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் பால்பண்ணைகளில் உழைக்கிறார்கள். கேரளத்துச் செவிலியர் அந்நாட்டு மருத்துவமனைகளில் பணிபுரிகிறார்கள். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இலங்கைத் தமிழர் ஒரு சமூகமாகவே வாழ்கிறார்கள். இவர்கள் எல்லார்க்கும் முதலில் கைகொடுப்பவையும், கவனிக்காவிடில் முதலில் காலை வாரிவிடுபவையும் வினையடைகளே. ஆதலின் அவற்றின் இயல்பை ஓரளவு விரிவாகக் காண்போம்.

இக்கட்டுரையில் இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். 'ன்தே', 'ன்தோ' என்று வருமிடங்களில் தகரத்தைப் 'பந்து' என்பதில் போல மெலித்து ஒலியாமல், 'பத்து' என்பதில் போல வல்லொலியாக ஒலித்தல் வேண்டும். 'தொமானி', 'அதாஜோ', 'தோல்ச்சே' போன்றவற்றின் தகரமும், 'தார்தி' என்பதன் இரண்டாம் தகரமும் 'தேவன்' என்பதன் முதலெழுத்தைப் போல மெலிந்து ஒலிக்கும். இரட்டித்த மெய்களை நாம் 'பாட்டு', 'பள்ளம்' என்று அழுத்திச் சொல்வது போலவே இத்தாலியரும் அழுத்திச் சொல்வர். நுனிநாக்குப் பல்லைத் தொட்டு ஒலிக்கும் தகரமும், இரட்டித்த மெய்யும் நமக்குப் பிறவியிலேயே வாய்த்தவை. இவ்வகையில் ஆங்கிலேயரைக் காட்டிலும் தமிழர்க்கு இத்தாலிய உச்சரிப்பு எளிது.

வளையும் சொல்லும் வளையாச் சொல்லும்

இத்தாலிய மொழியில் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. இந்தியோ மராத்தியோ கற்றவர்க்கு இது புதிதன்று. பெயரடை தான் தழுவும் பெயருக்கு ஏற்ப வடிவம் மாறும். 'நல்ல' என்னும் பொருளுடைய சொல் ஆண்பால் ஒருமையில் 'புவோனோ', பெண்பால் ஒருமையில் 'புவோனா', ஆண்பால் பன்மையில் 'புவோனி', பெண்பால் பன்மையில் 'புவோனே' என நான்கு வடிவு கொள்ளும். வினைச்சொல்லோ இடத்துக்கும் எண்ணுக்கும் காலத்துக்கும் ஏற்ப மேலும் பல வடிவு கொள்ளும்.

இத்தனை அசைவுக்கும் நடுவில் அசையாமல் நிற்பது வினையடை ஒன்றே. 'நன்றாக' என்பதற்கு இத்தாலியச் சொல் 'பெனே'. 'மரீயா கான்தா பெனே' என்றால் மரீயா நன்றாகப் பாடுகிறாள். 'இ ரகாத்ஸி கான்தனோ பெனே' என்றால் பையன்கள் நன்றாகப் பாடுகிறார்கள். பாடுபவர் மாறினர், வினையின் ஈறு மாறிற்று, 'பெனே' மாறவில்லை. இந்த ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் மாணவர் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி நீங்கிவிடும். பெயரைச் சிறப்பிக்கும் சொல் வளையும். வினையைச் சிறப்பிக்கும் சொல் வளையாது.

இவ்விதியின் அருமை 'மோல்தோ' என்னும் சொல்லில் நன்கு புலப்படும். அது பெயரடையாகவும் வரும், வினையடையாகவும் வரும். 'பல நூல்கள்' எனும்போது 'மோல்தி லீப்ரி', 'பல வீடுகள்' எனும்போது 'மோல்தே காசே' என்று அது வளைகிறது. ஆனால், 'மரீயா மிகவும் களைத்திருக்கிறாள்' என்பதை 'மரீயா எ மோல்தோ ஸ்தாங்க்கா' என்றே சொல்லவேண்டும். மரீயா பெண் ஆயிற்றே என்று 'மோல்தா' என்று திருத்தக்கூடாது. களைத்திருப்பவள் அவள், 'மிகவும்' என்பது களைப்பின் அளவைத்தான் சொல்கிறது. சிறிதளவைக் காட்டும் 'போக்கோ', அளவு மீறியதைக் காட்டும் 'த்ரொப்போ', அத்துணை என்னும் பொருள் தரும் 'தான்தோ' ஆகியவையும் இவ்வாறே இரு வேடம் பூணுவன.

வளைவதும் வளையாததும் வெறும் இலக்கண நயம் என்று எண்ணிவிடலாகாது. 'லுச்சீயா மாஞ்ஜா சோலா' என்றால் லுச்சீயா தனியாக உண்கிறாள் என்பது பொருள். 'லுச்சீயா மாஞ்ஜா சோலோ பானே' என்றாலோ லுச்சீயா ரொட்டி மட்டுமே உண்கிறாள் என்பது பொருள். 'சோலா' என்பது லுச்சீயாவைத் தழுவிய பெயரடை. ஆதலால் பெண்பாலாக வளைந்தது. 'சோலோ' என்பது 'மட்டும்' என்னும் வினையடை. ஆதலால் நிமிர்ந்து நின்றது. ஈற்றெழுத்து ஒன்று முன்னதில் அவளுடைய தனிமையையும், பின்னதில் அவளுடைய வறுமையையோ பத்தியத்தையோ தெரிவித்துவிடுகிறது.

'மனம்' விகுதியான கதை

'பெனே' போன்ற அடிப்படைச் சொற்கள் ஒருபுறமிருக்க, பெயரடையிலிருந்து வினையடையை ஆக்கிக்கொள்ள இத்தாலியில் ஒரு பொதுவழி உண்டு. பெயரடையின் பெண்பால் ஒருமை வடிவத்தை எடுத்து, அதன்பின் 'மென்தே' என்னும் விகுதியைச் சேர்க்கவேண்டும். மெதுவான என்பது 'லென்தோ'; பெண்பாலில் 'லென்தா'; மெதுவாக என்பது 'லென்தாமென்தே'. எகரத்தில் முடியும் பெயரடைக்கு இருபாலுக்கும் ஒரே வடிவாதலால் அதன்மேல் நேரே விகுதி சேரும். இனிய என்பது 'தோல்ச்சே'. இனிமையாக என்பது 'தோல்ச்சேமென்தே'. உயிரெழுத்தை அடுத்து 'லே', 'ரே' என்று முடிவனவற்றில் ஈற்று உயிர் கெடும். எளிய என்னும் 'ஃபாச்சிலே' என்பது 'ஃபாச்சில்மென்தே' ஆகும். ஒழுங்கான என்னும் 'ரெகொலாரே' என்பது 'ரெகொலார்மென்தே' ஆகும். இலேசான என்னும் 'லெஜ்ஜேரோ' மட்டும் விதியை மீறி 'லெஜ்ஜெர்மென்தே' என்று நிற்பது போன்ற விலக்குகள் சிலவே.

விகுதி ஏன் பெண்பால் வடிவத்தைத் தேடிச் சேர்கிறது என்று வினவலாம். அதன் விடை இலத்தீன் மொழியில் இருக்கிறது. இலத்தீனில் 'மென்ஸ்' என்பது மனத்தைக் குறிக்கும் பெண்பால் பெயர். 'மென்தே' என்பது அதன் வேற்றுமை வடிவம். 'மனத்தோடு' என்பது பொருள். தெளிந்த மனத்தோடு, உறுதியான மனத்தோடு என்று பேசப்பட்ட தொடர்களில், மனம் பெண்பாலாதலால் அதன் முன் நின்ற பெயரடையும் பெண்பாலாயிற்று. நாளடைவில் மனம் என்னும் பொருள் மங்கி, 'மென்தே' வெறும் விகுதியாகத் தேய்ந்தது. இன்று வண்டி 'லென்தாமென்தே' செல்கிறது என்று கூறும் இத்தாலியர், வண்டிக்கு மனம் ஏது என்று கேட்பதில்லை. பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துகீசியம் ஆகிய உடன்பிறந்த மொழிகளிலும் இவ்விகுதி சிற்சில மாறுதலுடன் வழங்குகிறது.

தமிழில் நிகழ்ந்ததும் ஏறக்குறைய இதுவே. அழகாக, விரைவாக, தெளிவாக என்பவற்றிலுள்ள 'ஆக' என்பது 'ஆ' என்னும் வினையின் எச்சம். முழுச்சொல்லாய் இருந்த அது பெயரோடு ஒட்டி இன்று ஓர் உருபு போலவே பயன்படுகிறது. இரு மொழிகளும் தத்தம் வீட்டிலிருந்த ஒரு முழுச்சொல்லையே கருவியாகத் தேய்த்துக்கொண்டன. நம் பழைய இலக்கணம் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தது. வினையடைக்கெனத் தனி வகுப்பு ஒன்றை வைக்கவில்லை. ஆயினும் அதன் வேலையைத் தமிழ் இவ்வாறு குறைவின்றிச் செய்துவருகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். விதி எளிது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் 'மென்தே' சேர்த்தால் இத்தாலியர் செவிக்கு அது கனமாக ஒலிக்கும். அவர்கள் பல இடங்களில் 'கொன் கால்மா', அதாவது அமைதியோடு, என்பது போன்ற தொடர்களை விரும்புவர். பெயரடையையே அப்படியே வினையடையாக வழங்குவதும் உண்டு. தெளிவாகப் பேசு என்பதற்குப் 'பார்லா கியாரோ' என்பர்; இங்குக் 'கியாரோ' என்பது பெயரடையின் உருவில் நிற்கும் வினையடை. 'நன்றாக' என்பதற்கு 'பெனே', 'தீமையாக' என்பதற்கு 'மாலே' ஆகிய தனிச்சொற்கள் இருப்பதால், நல்ல, தீய என்னும் அடிப்படைப் பெயரடைகளிலிருந்து 'மென்தே' சேர்த்து அப்பொருளில் சொல் ஆக்கலாகாது. இன்னும் நன்றாக என்பது 'மேல்யோ'. இன்னும் மோசமாக என்பது 'பேஜ்ஜோ'. மற்றவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு 'மிகுதி' காட்டும் 'பியூ' என்பதை முன்னிட்டுப் 'பியூ லென்தாமென்தே' என்பது போலக் கூறினால் போதும்.

மெல்ல மெல்ல

ஒரு சொல்லை இரட்டித்துப் பொருளைப் பெருக்குவது நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான வழக்கு. தமிழர் 'மெல்ல மெல்ல' என்கிறோம். இந்தியர் பலரும் 'தீரே தீரே' என்கிறார்கள். இத்தாலியரும் 'பியானோ பியானோ' என்கிறார்கள். சிறிது சிறிதாக என்பது அவர்கள் வாயில் 'அ போக்கோ அ போக்கோ'. ஐரோப்பிய மொழியொன்றில் நம் வீட்டு வழக்கையே கேட்பது போன்ற ஓர் உணர்வை இத்தொடர்கள் நமக்கு அளிக்கும்.

'பியானோ' என்னும் இச்சொல்லுக்கு மெதுவாக என்றும் பொருளுண்டு. தணிந்த குரலில் என்றும் பொருளுண்டு. தமிழில் 'மெல்ல நட' என்றால் வேகத்தையும், 'மெல்லப் பேசு' என்றால் குரலையும் குறிப்பது போன்றதே இது. புதிதாய்ச் சென்றவர் முதல் நாளே மனனம் செய்யவேண்டிய வாக்கியம் ஒன்று உண்டெனில் அது 'பியூ பியானோ, பெர் ஃபவோரே' என்பதாகும். இன்னும் மெதுவாகச் சொல்லுங்கள் என்று பணிவுடன் வேண்டுவது அது. இதற்கு எதிர்ச்சொல் 'ஃபோர்தே'. அதுவும் இருபொருள் உடையது. பேச்சைப் பற்றி வந்தால் உரக்க என்பது பொருள். வாகனத்தைப் பற்றி வந்தால் வேகமாக என்பது பொருள்.

மேனாட்டு இசைக் கச்சேரிகளைக் கேட்டுப் பழகிய நேயர்க்கு இச்சொற்கள் முன்பே அறிமுகமானவை. இசைக்குறிப்பில் தணித்து வாசிக்கவேண்டிய இடத்தில் 'பியானோ' என்றும், ஓங்கி வாசிக்கவேண்டிய இடத்தில் 'ஃபோர்தே' என்றும் எழுதுவர். மிகத் தணித்து எனின் 'பியானீஸ்ஸிமோ' என்பர். விரைவாக என்பது 'பிரெஸ்தோ'. நிதானமாக என்பது 'அதாஜோ'; 'ஓய்வோடு' என்னும் பொருளுடைய இரு சொற்கள் சேர்ந்து பிறந்த வினையடை அது. 1700-ஆம் ஆண்டையொட்டி ஃபிளாரன்ஸ் நகரில் பர்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபொரி என்னும் கைவினைஞர் புதியதொரு இசைக்கருவியைப் படைத்தார். அதற்கு முன்பு வழங்கிய ஹார்ப்ஸிகார்டு என்னும் கட்டைக் கருவியில் விரலை எவ்வளவு அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது. இவர் கருவியிலோ விரலின் வன்மை மென்மைக்கு ஏற்ப ஒலி உயர்ந்தும் தாழ்ந்தும் வந்தது. ஆதலால் 'பியானோ', 'ஃபோர்தே' என்னும் இரு சொற்களே சேர்ந்து அதற்குப் பெயராயின. பின்னர் முதற்சொல் மட்டும் நிலைத்தது. பியானோ என்று நாம் அழைக்கும் கருவியின் பெயர் 'மெல்ல' என்பதேயாகும்.

உடலின் நிலையைச் சொல்லும் வினையடைகள் இத்தாலியில் தனி அழகுடையவை. அவை 'ஓனி' என்று முடியும். முழங்கால் 'ஜினொக்கியோ', முழந்தாளிட்டு என்பது 'ஜினொக்கியோனி'. வாய் 'பொக்கா', குப்புற என்பது 'பொக்கோனி'. குழந்தை தவழ்வது போலக் கைகால் ஊன்றி என்பது 'கார்போனி'. பல மொழிகள் நான்கு சொல் கொண்டு சொல்லும் இந்நிலைகளை ஒரே சொல்லில் அடக்கும் இவ்வழக்கு, 'குப்புற', 'மல்லாந்து' என்று கூறும் தமிழர்க்கு உடனே விளங்கும்.

செல்லமாகச் சுருக்கியும் பெருக்கியும் பேசுவதற்கும் வினையடை இடந்தரும். 'பெனே' என்பது ஓரளவு நன்றாக எனும்போது 'பெனீனோ' ஆகும். வெகு நன்றாக எனும்போது 'பெனோனே' ஆகும். உடல்நலம் கேட்டால், சற்றே சரியில்லை என்பதற்கு 'மலூச்சோ' என்பர். ஈறு இவ்வாறு நீண்டாலும், ஆண், பெண், ஒருமை, பன்மை என்னும் வேறுபாட்டுக்கு இச்சொற்கள் வளைவதில்லை என்பதை மறக்கலாகாது.

ஒரு சிறு சொல்லின் பொறுப்பு

இனி, கற்பவர் மிகுந்த விழிப்போடு இருக்கவேண்டிய இடத்துக்கு வருகிறோம். இத்தாலியில் எதிர்மறையைக் காட்டுவது வினைக்கு முன் வரும் 'நோன்' என்னும் சொல். அதனோடு சேர்ந்து, வினைக்குப் பின் ஒரு சிறு வினையடை வரும்போது எதிர்மறையின் பொருளே வேறாகிவிடும்.

மருத்துவமனையில் நோயாளி ஒருவர் பேசுவதாகக் கொள்வோம். 'ஃபா மாலே' என்றால் வலிக்கிறது. 'நோன் ஃபா மாலே' என்றால் வலிக்கவில்லை. 'நோன் ஃபா பியூ மாலே' என்றால் முன்பு வலித்தது, இப்பொழுது வலி நின்றுவிட்டது. 'நோன் ஃபா அன்கோரா மாலே' என்றால் இன்னும் வலி தொடங்கவில்லை. 'நோன் ஃபா மாய் மாலே' என்றால் ஒருபோதும் வலிப்பதில்லை. அருகில் நிற்கும் செவிலி அந்தச் சிறு சொல்லைத் தவறவிட்டால், நின்றுபோன வலியும், இனி வரவிருக்கும் வலியும், என்றும் இல்லாத வலியும் அவர் செவிக்கு ஒன்றாகிவிடும். நோயாளியின் பேச்சில் மருத்துவர்க்குத் தேவையான செய்தி பெயரிலும் வினையிலும் இல்லை, வினையடையிலேயே இருக்கிறது.

மரக்கறி உணவினர்க்கும் இது பயன்படும். 'நோன் மாஞ்ஜோ கார்னே' என்பது நான் இறைச்சி உண்பதில்லை என்பது. 'பியூ' சேர்த்து 'நோன் மாஞ்ஜோ பியூ கார்னே' என்றால், முன்பு உண்டேன், இப்போது விட்டுவிட்டேன் என்று பொருள்படும். 'மாய்' சேர்த்து 'நோன் மாஞ்ஜோ மாய் கார்னே' என்றால் ஒருபோதும் உண்பதில்லை என்று உறுதியாகும். விருந்துக்கு அழைத்த வீட்டார்க்குத் தம் வழக்கத்தை ஐயமின்றித் தெரிவிக்க விரும்புபவர் 'மாய்' என்பதை மறவாதிருத்தல் நலம்.

இம் 'மாய்' என்பது வினாவில் வரும்போது எதிர்மறையை விட்டு நீங்கிவிடும். 'ஆய் மாய் வீஸ்தோ நாப்போலி?' என்றால், நேப்பிள்ஸ் நகரை எப்பொழுதேனும் பார்த்திருக்கிறாயா என்பது பொருள். விடையில் 'நோன் ஓ மாய் வீஸ்தோ நாப்போலி' என்றால் ஒருபோதும் பார்த்ததில்லை என்பது பொருள். விடையில் 'நோன்' என்பதை விட்டுவிட்டால் வாக்கியம் நொண்டும். இரண்டு எதிர்மறைகள் சேர்ந்தால் உடன்பாடாகிவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை. இத்தாலியில் அவை ஒன்றையொன்று வலுப்படுத்துவனவேயன்றி அழிப்பன அல்ல.

'அன்கோரா' என்பதும் கவனத்துக்குரியது. 'பியோவே அன்கோரா' என்றால் இன்னும் மழை பெய்துகொண்டிருக்கிறது. கடையில் 'அன்கோரா உன் கஃப்பே' என்றால் மேலும் ஒரு காப்பி. இடம் நோக்கி 'மறுபடியும்' என்றும் பொருள்படும். இதை ஒலிக்கும்போது நடுவிலுள்ள 'கோ' என்பதை அழுத்தவேண்டும். அழுத்தத்தை முதலெழுத்துக்கு மாற்றி 'ஆன்கொரா' என்றால் அது கப்பலின் நங்கூரம் ஆகிவிடும். எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை; வாய்தான் வேறுபடுத்தவேண்டும். உடனே என்னும் பொருளுடைய 'சூபிதோ' என்பதிலும் முதலசையையே அழுத்தவேண்டும். அழுத்தம் நடுவசைக்குச் சென்று 'சுபீதோ' ஆனால், துன்பத்துக்கு உள்ளான என்னும் பொருள் வந்துவிடும்.

வினையடை நிற்கும் இடத்திலும் நமக்கும் அவர்க்கும் வேறுபாடு உண்டு. தமிழில் அது வினைக்கு முன் நிற்கும். 'நன்றாகப் பாடுகிறாள்' என்கிறோம். இத்தாலியில் அது பெரும்பாலும் வினையை அடுத்துப் பின்னால் நிற்கும். 'பார்லா பெனே லித்தலியானோ' என்றால் இத்தாலிய மொழியை நன்றாகப் பேசுகிறார். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் இடையில் 'பெனே' அமர்ந்திருப்பது காண்க. இறந்தகால வினை இரு சொல்லாய் வரும்போது, ஏற்கெனவே என்னும் 'ஜா', எப்போதும் என்னும் 'செம்ப்ரே', முற்கூறிய 'மாய்', 'அன்கோரா', 'பியூ' ஆகியவை அவ்விரு சொற்களுக்கும் நடுவில் புகும். 'ஓ ஜா மாஞ்ஜாதோ' என்பது ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன் என்பதாகும்.

நேற்றும் நாளையும்

காலத்தைக் குறிக்கும் வினையடைகளில் இத்தாலி நமக்கு இணக்கமானது. வடநாட்டில் வாழும் தமிழர்க்குக் 'கல்' என்னும் இந்திச் சொல் நேற்றையும் குறித்து நாளையையும் குறித்துத் தொடக்கத்தில் தந்த குழப்பம் நினைவிருக்கும். இத்தாலியில் அக்குழப்பம் இல்லை. இன்று 'ஓஜ்ஜி', நேற்று 'யேரி', நாளை 'தொமானி'. முந்தாநாள் 'லால்த்ரோ யேரி'. நாளை மறுநாள் 'தோப்போதொமானி'. சீக்கிரம் என்பது 'பிரெஸ்தோ'. தாமதமாக என்பது 'தார்தி'. அடிக்கடி என்பது 'ஸ்பெஸ்ஸோ'. இங்கே என்பதற்குக் 'குவீ', 'குவா' என்றும், அங்கே என்பதற்கு 'லீ', 'லா' என்றும் இவ்விரு சொற்கள் உண்டு.

உடன்பாட்டைக் காட்டும் 'ஆம்' என்பதும் இத்தாலிய இலக்கணத்தில் வினையடையே. அச்சொல் 'சீ'. 'இவ்வாறு' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழ்ச் செவிக்கு அது வசைபோல ஒலிப்பதைத் தவிர்க்க இயலாது. மேலும், இருக்கிறது என்பதை இத்தாலியர் 'ச்சே' என்பர். இடத்தைக் குறிக்கும் ஒரு சிறு வினையடையும் 'எ' என்னும் வினையும் கலந்து பிறந்த சொல் அது. பால் இருக்கிறதா என்று நாம் கேட்க, கடைக்காரர் 'சீ, ச்சே' என்று புன்னகையுடன் கூறினால், ஆம், இருக்கிறது என்று அவர் அன்பாகச் சொல்கிறார் என்று கொள்ளவேண்டும்.

இந்தச் 'சீ' என்னும் சிற்றெழுத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகாகவி தாந்தே, மக்கள் பேசும் மொழியைப் பற்றி இலத்தீனில் ஒரு நூல் இயற்றினார். அதில் இலத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளை, 'ஆம்' என்பதற்கு அவை வழங்கும் சொல்லைக் கொண்டே மூன்றாகப் பிரித்தார். 'ஓக்' என்பவர், 'ஓயில்' என்பவர், 'சீ' என்பவர் என்பது அவர் பகுப்பு. தென் பிரான்சின் லாங்கதோக் என்னும் பகுதியின் பெயரில் அந்த 'ஓக்' இன்றும் ஒலிக்கிறது. ஒரு மக்களின் மொழியை அடையாளங்காண அப்பெருங்கவிஞர் தேர்ந்தெடுத்தது ஒரு வினையடையையே.

காலம் கடந்துவிடவில்லை

வளர்ந்தபின் புதுமொழி கற்பது இயலுமா என்று தயங்குவோர்க்கு இரு சான்றுகள் கூறலாம். ஒன்று நாம் நன்கறிந்தது. 1680-இல் இத்தாலியில் பிறந்த கொஸ்தான்ஸோ பெஸ்கி என்னும் பாதிரியார் முப்பது வயதளவில் தமிழகம் வந்தார், தமிழ் கற்றார், வீரமாமுனிவராகி, தமிழுக்கு இலக்கணமும் அகராதியும் செய்தார். 'மென்தே' என்று பேசி வளர்ந்த நாவே 'ஆக' என்பதையும் ஆண்டு காப்பியம் பாடிற்று.

மற்றொன்று இத்தாலியிலேயே நிகழ்ந்தது. 1950-களிலும் 1960-களிலும் அந்நாட்டின் தென்பகுதியிலிருந்து உழவர் குடும்பங்கள் திரள்திரளாக வடக்கேயுள்ள தூரின், மிலான் முதலிய ஆலை நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. அவர்கள் பேசிய ஊர்வழக்கு வடக்கே விளங்கவில்லை. பொது இத்தாலியமோ அவர்களில் பலர்க்கு எழுதப் படிக்க வாராது. அந்நாட்டுத் தேசிய ஒலிபரப்பு நிறுவனமான 'ராய்', கல்வி அமைச்சின் துணையுடன், எழுத்தறியா முதியோர்க்காக 1960 முதல் 1968 வரை தொலைக்காட்சியில் ஒரு வகுப்பு நடத்திற்று. அல்பெர்தோ மான்ஸி என்னும் பள்ளி ஆசிரியர் பெரிய தாளில் கரிக்கோலால் படம் வரைந்து, அதனருகே சொல்லை எழுதிக் கற்பித்தார். வீட்டில் தொலைக்காட்சி இல்லாதவர்கள் பொது இடங்களில் கூடி அமர்ந்து பயின்றார்கள். தம் நாட்டுக்குள்ளேயே அயலாராகி, பிறர் மொழியில் வாழ்வு நடத்தவேண்டியிருந்த அவர்தம் நிலையைப் பிற மாநிலத் தமிழர்க்கு விளக்கவேண்டியதில்லை.

அந்நிகழ்ச்சியின் பெயர் 'நோன் எ மாய் த்ரொப்போ தார்தி'. இதுகாறும் கண்டவற்றைக் கொண்டு நேயர்கள் இதனைத் தாமே பிரித்துப் பார்க்கலாம். 'நோன்' இல்லை, 'எ' என்பது ஆகும் என்னும் வினை, 'மாய்' ஒருபோதும், 'த்ரொப்போ' அளவு மீறி, 'தார்தி' தாமதமாக. காலம் மிகவும் கடந்துவிட்டது என்பது ஒருபோதும் இல்லை என்பது கருத்து. ஐந்து சொற்களில் ஒன்றே வினை. ஏனைய நான்கும் வினையடைகள். எழுத்தறியாத உழவர்க்கு நம்பிக்கையூட்டத் தேர்ந்த அத்தலைப்பில் அரிய பெயரும் இல்லை, கடினமான வினையும் இல்லை.

இத்தாலியம் கற்க விரும்புவோர் இந்நான்கிலிருந்தே தொடங்கலாம். இவற்றோடு பெனே, மாலே, பியானோ, மோல்தோ, பியூ, ஜா, அன்கோரா, செம்ப்ரே, சூபிதோ, ஓஜ்ஜி, தொமானி, குவீ என்பனவற்றைச் சேர்த்தால் பதினாறு சொற்கள் ஆகின்றன. நாளைக்கு ஒன்றாக எடுத்து, உடன்பாட்டில் ஒன்றும் எதிர்மறையில் ஒன்றும் வினாவில் ஒன்றுமாக மூன்று வாக்கியங்கள் அமைத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகினால், இரண்டு வாரங்களும் இரண்டு நாள்களும் கழியுமுன் கடையிலும் மருத்துவமனையிலும் விருந்திலும் பிறர் கூறுவதன் உட்பொருள் பிடிபடத் தொடங்கும். வினையின் திரிபுகளைப் பின்னர் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளலாம்.